வெடியைத் தாங்கும் வாகனம்: எதைக் காக்கும், எதைக் காக்காது?

யுத்த காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்தவர்களுக்குப் ‘பவள்’ வாகனத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. உயர்ந்த சக்கரங்கள், ஒரு பக்கமாக ஒதுங்கிய சாரதியின் சிறிய கூடு, பின்னால் கூரையில்லாத இரும்புத் தொட்டி. அந்தத் தொட்டிக்குள் முதுகோடு முதுகு வைத்து, வெளிப்பக்கம் பார்த்தபடி சிப்பாய்கள் உட்கார்ந்திருப்பார்கள். பார்ப்பதற்கு அவலட்சணமான வாகனம்தான். ஆனால் அதன் உயரம், அடிப்பாகம், ஆசனம் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு. எமது படையினர் இன்று ஐ.நா. அமைதி காக்கும் பணிக்காக வெளிநாடுகளுக்குச் செல்கிறார்கள். இந்த வாகனங்களுக்குச் செலவழிக்கும் பணம் தகுமா என்ற கேள்வி அதனால் இன்னும் பழையதாகிவிடவில்லை.

கண்ணிவெடி ஒன்று வாகனத்தின் அடியில் வெடிக்கும்போது அதன் விசை மேல்நோக்கிப் பாய்கிறது. சாதாரண ஜீப்பின் அடிப்பாகம் தட்டையானது, தரைக்கு மிக அருகில் இருப்பது. முழு விசையும் அந்தத் தட்டில்தான் மோதும். தரைத்தகடு மேலெழும்பி கால்களையும் முதுகெலும்பையும் நொறுக்கிவிடும். இதே அடிப்பாகத்தை மீன்பிடி வள்ளத்தின் அடியைப் போல ‘வி’ எழுத்து வடிவில் அமைத்தால், விசையின் பெரும்பகுதி இரு பக்கமும் வழுக்கிச் சென்றுவிடும். வாகனத்தை உயர்த்தி வைப்பதும் இதற்காகத்தான். வெடிக்கும் இடத்திலிருந்து சிறிது தூரம் விலகினாலே அமுக்கம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. உள்ளே இருப்பவர் தூக்கி எறியப்பட்டுத் தலை அடிபடாமல் இருக்க ஆசனப் பட்டி அவசியம். சக்கரமும் அச்சும் பிய்ந்து போகலாம், அவற்றை மாற்றிக்கொள்ளலாம் என்பதே வடிவமைத்தவர்களின் கணக்கு.

இந்தக் கணக்கைப் போட்டவர்கள் அமெரிக்கர்கள் அல்லர். 1970களில் ரொடீசியாவில், அதாவது இன்றைய சிம்பாப்வேயில், மண் பாதைகளில் புதைக்கப்பட்ட கண்ணிகளுக்கு எதிராகத்தான் இவ்வகை வாகனங்கள் உருவாகின. லேண்ட்ரோவர் டயர்களுக்குள் தண்ணீர் நிரப்பி வெடியின் வேகத்தைத் தணிக்கவும் அங்கு முயன்றார்கள். பின்னர் தென்னாபிரிக்கா, ஜேர்மனியின் யுனிமொக் லொறியை அடிப்படையாக வைத்து ‘பஃபல்’ வாகனத்தைச் செய்தது. எமது மக்களின் வாயில் ‘பவள்’ ஆனது அதுதான். நிறவெறி அரசு இதே வாகனங்களைக் கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்குள்ளும் ஓட்டியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இலங்கையில் 1983 ஜூலை 23ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ரோந்து சென்ற ஜீப்பும் லொறியும் கண்ணிவெடியிலும் துப்பாக்கிச் சூட்டிலும் சிக்கி 13 சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். அதன்பின் கறுப்பு ஜூலையில் நடந்தவற்றை நாடு அறியும். திறந்த லொறிகளில் வடக்கின் வீதிகளில் செல்ல முடியாது என்பதை இராணுவமும் உணர்ந்தது. 1980களின் நடுப்பகுதியில் தென்னாபிரிக்காவிலிருந்து பஃபல் வாங்கப்பட்டது. பின்னர் இராணுவத்தின் மின்சார இயந்திரப் பொறியியல் படையணி ‘யுனிகோர்ன்’, ‘யுனிபஃபல்’ என்ற பெயர்களில் உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கியது. ஊசி முதல் உருளைக்கிழங்கு வரை இறக்குமதி செய்த நாடு சொந்தமாகச் செய்துகொண்ட பொருட்களில் இதுவும் ஒன்று.

அது பல உயிர்களைக் காத்தது உண்மை. இராணுவத்தின் மிகச் சிறந்த தளபதிகளில் ஒருவராகக் கருதப்பட்ட டென்சில் கொப்பேகடுவ, 1992 ஓகஸ்ட் 8ஆம் திகதி அராலித்துறையில் விஜய விமலரத்ன உள்ளிட்ட அதிகாரிகளுடன் கொல்லப்பட்டபோது அவர்கள் சென்றது இத்தகைய வாகனத்தில் அல்ல.

ஆனால் எதிரியும் கணக்குப் போடத் தெரிந்தவன்தான். அடிப்பாகம் பலப்பட்டதும் வெடி வீதியோரத்துக்கு மாறியது. கிளைமோர் பக்கவாட்டில் இரும்புக் குண்டுகளை வாரி இறைப்பது. ‘வி’ வடிவ அடிப்பாகத்துக்கு அதில் வேலையே இல்லை. கூரையில்லாத தொட்டிக்கு மேலிருந்து வரும் எதிலிருந்தும் பாதுகாப்பில்லை. உயரம் கூடியதால் வளைவுகளில் கவிழும் ஆபத்தும் வந்து சேர்ந்தது. இதையெல்லாம் விடப் பெரிய விடயம், அதே வீதியில் பொதுமக்களின் பஸ்ஸும் ஓடியது. 2006 ஜூன் 15ஆம் திகதி கெப்பித்திகொல்லாவையில் கிளைமோரில் சிக்கிய பஸ்ஸில் 60இற்கும் மேற்பட்ட பொதுமக்கள் உயிரிழந்தனர். சிறுவர்களும் அவர்களில் அடங்குவர்.

எமது இராணுவம் 1980களில் படித்த பாடத்தை அமெரிக்கா ஈராக்கில்தான் படித்தது. 2003இல் அங்கு நுழைந்த அதன் படைகள் தட்டையான அடிப்பாகம் கொண்ட ஹம்வீ வாகனங்களில் சென்றன. வீதியோரக் குண்டுகள் பெருகின. 2005இலேயே களத்திலிருந்த மரைன் படையினர் ‘எம்ராப்’ எனப்படும் கண்ணித் தடுப்பு வாகனங்களை அவசரமாகக் கேட்டனர். அதற்கு உரிய முன்னுரிமை கிடைத்தது 2007இல், பாதுகாப்புச் செயலாளராக ரொபர்ட் கேட்ஸ் வந்த பிறகே. அதன்பின் 27,000 அளவிலான வாகனங்கள் வாங்கப்பட்டன. செலவு 40 பில்லியன் டொலருக்கும் மேல்.

வாகனத்தின் அடியில் வெடிக்கும் குண்டுக்கு எம்ராப் நல்ல பதில். ஆனால் ஈராக்கில் கவசத்தைத் துளைக்கும் செப்புத் தகட்டுக் குண்டுகள் பக்கவாட்டிலிருந்து வந்தன. ஆப்கானிஸ்தானின் மலைப்பாதைகளும் பாலங்களும் 14 தொன்னுக்கும் மேற்பட்ட பாரத்தைத் தாங்கவில்லை. வாய்க்கால்களில் கவிழ்ந்து படையினர் மூழ்கி இறந்த சம்பவங்களும் உண்டு. 2009இல் அந்த நாட்டுக்கென்றே இலகுவான வேறொரு வகை செய்ய வேண்டியிருந்தது. நடுத்தரக் கவச வாகனங்களை விட எம்ராப் அதிக உயிர்களைக் காக்கவில்லை என்று 2012இல் இரு பொருளியலாளர்கள் எழுதினர். பென்டகன் அதை மறுத்தது. யுத்தம் சுருங்கியபோது ஏராளமான வாகனங்கள் அங்கேயே உடைத்து இரும்பாக்கப்பட்டன. இன்னும் பல அமெரிக்க நகரங்களின் பொலிஸாருக்கு வழங்கப்பட்டன. சிற்றூர் பொலிஸாருக்குக் கண்ணித் தடுப்பு வாகனம் எதற்கு என்று அந்நாட்டு மக்களே கேட்டார்கள்.

என் பார்வையில், வீண் செலவு என்பது இந்த வாகனம் அல்ல. பாதையையும் பாலத்தையும் எதிரியின் ஆயுதத்தையும் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவிப்பதுதான் வீண் செலவு. சிப்பாய் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் கிராமத்தவரோடு பேச்சும் நின்றுவிடுகிறது. குண்டு எங்கே புதைக்கப்பட்டது என்று சொல்லக்கூடியவர் அந்தக் கிராமத்தவர்தானே!

ஆனால் மாலி போன்ற இடத்தில் இந்த வாகனம் இல்லாமல் அனுப்புவதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. 2013 முதல் 2023 வரை நடந்த அந்த ஐ.நா. பணியில் 300இற்கும் மேற்பட்ட அமைதிப்படையினர் உயிரிழந்தனர். நீண்ட மண் பாதைகளில் விநியோக வாகனத் தொடர்களுக்குக் காவல் செல்வதே அங்கு எமது படையினரின் வேலையாக இருந்தது. 2019 ஜனவரி 25ஆம் திகதி தூவென்சா அருகே வெடித்த குண்டில் இரு இலங்கையர் பலியாகினர், மேலும் சிலர் காயமடைந்தனர்.

இத்தகைய பணிகளுக்குப் பெரும்பாலும் வாகனங்களையும் நாடே கொண்டு செல்ல வேண்டும். ஐ.நா. அவற்றுக்கு மாதாந்தம் கொடுப்பனவு தரும். பரிசோதனையில் வாகனம் ஓடும் நிலையில் இல்லையென்றால் அந்தத் தொகை குறையும். ஆகவே எத்தனை வாகனம் கப்பலேறுகிறது என்பதோடு கேள்வி முடிந்துவிடாது. உதிரிப்பாகம் எவ்வளவு போகிறது, குண்டின் ரேடியோ சமிக்ஞையைத் தடுக்கும் கருவி பொருத்தப்பட்டுள்ளதா, பாதையைப் பரிசோதிக்கும் அணி முன்னால் செல்கிறதா, காயப்பட்டவரைத் தூக்க ஹெலிகொப்டர் எவ்வளவு நேரத்தில் வரும்? அடுத்த அணியை வழியனுப்பும் முன் பாதுகாப்பு அமைச்சிடம் பாராளுமன்றத்தில் கேட்க வேண்டியவை இவை.