பொன்னி அரிசியின் பூர்வீகம் எங்கே?

மளிகைக் கடையில் பொன்னி அரிசி மூட்டையை வாங்கும்போது, 'இது ஊர் அரிசி' என்றுதான் நினைக்கிறோம். அது தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வருவது உண்மைதான். ஆனால், அந்த நெல்லின் பூர்வீகத்தில் பாதி நம் மலாயா மண்ணைச் சேர்ந்தது என்பது பலருக்குத் தெரியாது.

இந்தக் கதை இந்தியாவின் ஒடிசா மாநிலத்தில் தொடங்குகிறது. அங்குள்ள கட்டாக் நகரில் 1946ஆம் ஆண்டு மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. போர் முடிந்தும் ஆசியாவில் அரிசித் தட்டுப்பாடு தீராத காலம் அது. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கு தின்று நாளைக் கடத்திய கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம்.

வெப்ப நாடுகளில் விளையும் இண்டிகா நெல் உயரமாக வளரும். உரம் அதிகம் போட்டால் பயிர் சாய்ந்துவிடும். ஜப்பான், தைவானில் விளையும் ஜப்போனிகா நெல் உரத்தை ஏற்று நன்றாக விளையும். இரண்டின் நல்ல குணங்களையும் ஒரே நெல்லில் சேர்க்க முடியுமா? ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனத்தின் ஆதரவோடு 1950களில் கட்டாக் நிலையம் இந்த முயற்சியில் இறங்கியது. ஆசிய நாடுகள் தங்கள் ரகங்களை அனுப்பின. அங்கு கலப்பு செய்த விதைகள் அந்தந்த நாட்டுக்கே திரும்பின.

எல்லாக் கலப்பும் பலிக்கவில்லை. நூற்றுக்கணக்கானவற்றில் தேறியவை விரல்விட்டு எண்ணக்கூடியவையே. தஞ்சை விவசாயிகள் பயிரிட்ட ஆடுதுறை 27 அவற்றில் ஒன்று. மலாயாவின் 'மாயாங் எபோஸ்' நெல்லும் தைவானின் 'தைச்சுங் 65' நெல்லும் கலந்து பிறந்தது மற்றொன்று. செபராங் பிறையின் பும்போங் லீமா நிலையத்தில் பருவத்துக்குப் பருவம் நல்ல பயிர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, 1965இல் அதை வெளியிட்டார்கள். அதன் பெயர் 'மசூரி'. லங்காவிக் கதை நாயகியின் பெயரும் அதுதான்.

பழைய ரகங்கள் பல, ஆண்டில் குறிப்பிட்ட பருவத்தில்தான் பூக்கும். மசூரிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 1970இல் கெடாவின் மூடா நீர்ப்பாசனத் திட்டம் இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் தந்தபோது, பருவம் பாராமல் விளையும் இத்தகைய ரகங்கள்தான் கைகொடுத்தன.

மசூரி இந்தியாவுக்கும் போனது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த வெள்ளைப் பொன்னியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்டது. காவிரியின் பெயரைத் தாங்கி, அது நம் சமையலறைக்கே திரும்பி வந்தது.

2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தபோது நாம் பட்ட கவலை நினைவிருக்கும். அரிசி வணிகத்தை ஒரே உத்தரவில் நிறுத்திவிடலாம். ஆனால், ஒரு நல்ல விதையை உருவாக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். பல நாடுகளின் கை சேர வேண்டும். உள்நாட்டு நெல் ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தை வீண் செலவாக எண்ணுபவர்கள், இன்று தங்கள் தட்டில் இருக்கும் சோற்றைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.