நோயாளரைக் காணாத வைத்தியர்கள்

வைத்தியர் என்றதும் கழுத்திலே குழாயும் கையிலே மருந்துச் சீட்டுமாக நிற்பவரே உங்கள் நினைவுக்கு வருவார். நாமும் வைத்தியர்கள்தாம். ஆனால் எம்மிடம் நோயாளர் வருவதில்லை, போத்தல்கள் வருகின்றன. ஆஸ்பத்திரி நோயியல் பிரிவிலே பயிற்சி பெறும் இளைய வைத்தியர்கள் நாம்.

காலையில் மேசை நிறையப் போத்தல்கள் இருக்கும். ஒன்றிலே கன்னத்தின் உட்புறத்தில் வெட்டிய நெல்மணியளவு சதைத்துண்டு. இன்னொன்றிலே முழுக் கர்ப்பப்பை. முதலில் நாம் பார்ப்பது சதையை அல்ல, பெயரை. போத்தலிலுள்ள பெயரும் கூட வந்த படிவத்திலுள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் வேலை தொடங்காது. ஒரே வார்ட்டில் இரண்டு கந்தசாமிமார் இருப்பது எமது நாட்டில் புதுமையா?

“ஒரு சிறு துண்டைப் பார்க்க இத்தனை நாளா?” என்று நீங்கள் சலித்துக்கொள்வது எமக்குத் தெரியும். வெட்டிய சதை உடனே பழுதடையத் தொடங்கும். ஆகவே அதைப்போல் பத்து மடங்கு போர்மலின் கரைசலில் ஊறவிட வேண்டும். பெரிய உறுப்பென்றால் ஒரு நாளுக்கு மேலும் செல்லும். பின்னர் மதுசாரத்தால் நீரை அகற்றி, உருகிய மெழுகை ஏற்றிக் கட்டியாக வார்ப்பார்கள். அந்தக் கட்டியை மில்லிமீற்றரின் ஆயிரத்தில் மூன்று, நான்கு பங்கு தடிப்பில் ஆய்வுகூடத்தார் சீவுவார்கள். மூச்சுக் காற்றுப் பட்டாலே பறந்துவிடும் சீவல் அது. கண்ணாடியில் ஒட்டிச் சாயமூட்டினால் கலங்களின் கரு நீலமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும்.

அதன்பின்தான் நுணுக்குக்காட்டி. களை மண்டிய வயல் தூரத்திலேயே தெரியும். நெல்லைப் போலவே முளைக்கும் களையைக் கண்டுபிடிக்கக் குனிந்துதான் பார்க்க வேண்டும். எமக்கும் அப்படித்தான். நாம் எழுதுவதை மூத்த நிபுணர் பார்த்துக் கையொப்பமிட்ட பின்பே அறிக்கை வெளியே போகும்.

வாய்த்துண்டுகள் எம்மிடம் அதிகம் வருகின்றன. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப்புற்றுநோயே. புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தான் என்பவர்கள் கவனிக்க: பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004 இல் வெளியிட்ட நூலிலேயே சொல்லிவிட்டது. இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணை, வலி இல்லாவிட்டாலும் காட்டுங்கள்.

எம்மை வருத்துவது வேறொன்று. ஒருமுறை பழைய பதிவொன்றைத் தேடி அலமாரியைக் கிண்டியபோது, எவரும் பெற்றுக்கொள்ளாத அறிக்கையொன்று கைக்கு வந்தது. வயல்வேலை செய்யும் ஓர் அம்மா. இடது கன்னத்தில் புண். புற்றுநோய் என்று நாமே எழுதியது. ஐந்து மாதம் அங்கேயே கிடந்திருக்கிறது! படிவத்தில் இருந்தது, இடம்பெயர்ந்து உறவினரோடு தங்கியிருந்த வீட்டு முகவரி. அவர் பின்னர் வேறிடம் போய்விட்டார். தொலைபேசி இலக்கமும் வேலை செய்யவில்லை. “கூப்பிடவில்லைத்தானே, ஒன்றுமில்லையாக்கும்” என்று அவரும் இருந்துவிட்டார். சரியாக எழுதியதோடு எமது பொறுப்பு முடிந்தது என்று நாம் எண்ணியிருந்தோம். அது எமது பிழை. இப்போது இப்படியான முடிவுகளை உரிய வார்ட்டுக்குத் தொலைபேசியில் சொல்லி, கேட்டவரின் பெயரையும் எழுதி வைக்கிறோம்.

உங்கள் பக்கத்திலும் ஒரு வேலை உண்டு. படிவம் நிரப்பும்போது, இடம் மாறாத உறவினர் ஒருவருடைய இலக்கத்தையும் கொடுங்கள். எமது பதிவிலக்கத்தைக் கேட்டுக் கிளினிக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். மெழுகுக் கட்டிகளை நாம் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கிறோம். வேறு மாவட்டத்துக்குப் போனாலும் அந்த இலக்கத்தைச் சொல்லி விசாரிக்கலாம். செய்தி வரவில்லை என்றால் நோயில்லை என்று பொருளல்ல.

அந்த அம்மாவைக் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் தேடிப் பிடித்தார். கழுத்துக் கணுவுக்கும் நோய் பரவியிருந்தது. சத்திரசிகிச்சைக்கு வந்தவர், தன் சதையைப் பார்த்த பிள்ளைகளைக் காணவேண்டும் என்று கேட்டு எமது அறைக்கு வந்தார். மெழுகுக் கட்டியை எடுத்துக் கொடுத்தோம். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இவ்வளவு தானோ, பிள்ளை?” என்று கேட்டுவிட்டு, அதிலிருந்த இலக்கத்தைத் தன் கொப்பியில் எழுதித் தரச் சொன்னார்.