பூட்டிய அறையும் திறந்த கதவும்

பணம் கொடுத்து அச்சத்தை விலைக்கு வாங்குவாரும் உலகில் உளரோ என்று கேட்பீர்கள். உளர், நண்பர்களே! சென்ற திங்கள் தலைக்கு 900 ரூபாய் கொடுத்து அதனை வாங்கி வந்தவர்களுள் நானும் ஒருவன். நம் மன்றத்தைச் சேர்ந்த ஐவர் ஒரு சனிக்கிழமை மாலை விசுவவித்யாலயா நிலையத்தில் மெட்ரோ ஏறி, ஹௌஸ் காஸ் நிலையத்தில் இறங்கினோம். மதுரை நண்பர், கோவை நண்பர், நாஞ்சில் நாட்டு நண்பர், சேலத்துத் தோழி, நான் ஆகிய ஐவர். எங்களை அங்கே இழுத்தது ‘எஸ்கேப் ரூம்’ என்னும் விளையாட்டு. தமிழில் அதனைத் ‘தப்பும் அறை’ எனலாம்.

ஆட்டம் எளியது. ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். 60 நிமிடம் தருவார்கள். உள்ளே ஒளித்து வைத்திருக்கும் குறிப்புகளைத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து வெளியே வரவேண்டும். அறையைச் சிறைச்சாலையாகவும் அமைப்பார்கள், கப்பலாகவும் அமைப்பார்கள், புதையல் வீடாகவும் அமைப்பார்கள். நாங்கள் தேர்ந்தெடுத்தது பேய் வீடு. இறந்துபோன மருத்துவர் ஒருவரின் இல்லம் என்பது கதை.

இவ்விளையாட்டு முதலில் பிறந்தது கணிப்பொறித் திரையில். திரையிலே ஓர் அறை தோன்றும். ஆடுபவர் அங்கங்கே தொட்டுத் தேடி வழி காணவேண்டும். அவ்வகையில் 2004இல் சப்பானியரான தோஷிமிட்சு தகாகி ஆக்கிய ‘கிரிம்சன் ரூம்’ பலரையும் கவர்ந்தது. 2007இல் கியோட்டோ நகரில் தகாவோ கத்தோ என்பவர், தம் ‘ஸ்கிராப்’ நிறுவனத்தின் வாயிலாக, அதனைத் திரையிலிருந்து வெளியே எடுத்தார். உண்மையான மனிதர்கள் உண்மையான இடத்தில் கூடி ஆடும் ஆட்டமாக்கினார். 2011இல் அங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் ‘பாராபார்க்’ என்ற பெயரில் தோன்றிய அறைகள் ஐரோப்பாவில் இதற்கு வழி திறந்தன. பின்னர் இது கடல் கடந்து நம் நாட்டு நகரங்களுக்கும் வந்து சேர்ந்தது.

நாங்கள் உள்ளே நுழையுமுன் கண்காணிப்பாளர் ஓர் இளைஞர் விதிகளைச் சொன்னார். எங்களை அவர் கேமரா வழியே பார்த்துக்கொண்டிருப்பாராம். குறிப்பு வேண்டுமானால் வாக்கிடாக்கியில் கேட்கலாமாம். வெளியேற விரும்புவோர் கதவருகிலுள்ள பச்சைப் பொத்தானை அழுத்தலாமாம். நாங்களோ முன்னால் தொங்கிய எலும்புக்கூட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். இந்த மூன்றாவது விதி எவர் செவியிலும் ஏறவில்லை.

கதவு சாத்தப்பட்டது. விளக்கு மங்கியது. சுவர்க்கடிகாரம் ஒன்று நின்று நின்று ஒலித்தது. திரைக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவது போன்ற ஓசை. அறையின் நடுவே ஓர் இரும்பு அலமாரி. அதில் நான்கு இலக்கப் பூட்டு. மேசையின் மேல் ஒரு சீட்டு: தாம் மறைந்த நாளை மறவாதிருக்கும்படி மருத்துவர் எழுதியது.

“எல்லா எண்களையும் வரிசையாகத் திருகிப் பார்த்தால் போகிறது” என்றார் மதுரை நண்பர். கோவை நண்பர் கணிதம் பயில்பவர். அந்த இருட்டிலும் அவர் கணக்கை விடவில்லை. நான்கு இலக்கம் என்றால் 10,000 எண்கள். ஒன்றுக்கு 3 நொடி என்றாலும் 30,000 நொடி. அதாவது 8 மணி 20 நிமிடம். எங்களுக்கோ ஒரே மணிதான்! ஓர் இலக்கம் தெரிந்துவிட்டால் 1,000 எண்களே மிஞ்சும்; 50 நிமிடத்தில் முடித்துவிடலாம். இரண்டு தெரிந்தால் 5 நிமிடமே போதும். அறையை அமைப்பவர் கையாளும் நுட்பம் இதுதான். உடல் உழைப்பால் திறக்க முடியாத பூட்டை வைத்து, கூர்ந்து நோக்குபவர்க்கு ஒரு நொடியில் திறக்கும் குறிப்பையும் அருகிலேயே வைத்துவிடுகிறார்.

அந்தக் குறிப்பு எங்கே இருந்தது தெரியுமா? எங்கள் மூக்குக்கு நேரே சுவரில் தொங்கிய நாட்காட்டியில். ஆகஸ்டு மாதத்துத் தாளில் 13ஆம் நாள் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தது. ஆயினும் எங்கள் பத்துக் கண்களுள் ஒன்றேனும் அதைக் காணவில்லை. எல்லாக் கண்களும் அசைந்துகொண்டிருந்த திரைச்சீலையின் மீதே இருந்தன.

இதற்குக் காரணம் எங்கள் அறிவுக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள்! ஆபத்து என்று மூளை உணர்ந்தவுடன் சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, கண்மணி விரிகிறது. ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகிறது. ஆனால் புதிர் விடுக்க அது உதவுவதில்லை. கிளர்ச்சி மிகும்போது மனம் கவனிக்கும் வட்டம் சுருங்கிவிடுகிறது என்று 1959இல் ஈஸ்டர்புரூக் என்னும் உளவியல் அறிஞர் விளக்கினார். அச்சப் பொருளே முழுவதும் தெரியும். ஓரத்தில் இருப்பது மறையும். திரைச்சீலை தெரிந்தது, நாட்காட்டி மறைந்தது.

அங்ஙனமாயின் இவ்வச்சத்தில் இன்பம் எங்கிருந்து வருகிறது? டென்மார்க்கில் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பேய் வீடு ஒன்றுக்குச் சென்ற 110 பேரை ஆராய்ந்தார்கள். இதயத் துடிப்பை அளக்கும் கருவிகளை அவர்களுக்குப் பொருத்தினார்கள். 2020இல் வெளியான முடிவு இது: அச்சம் மிகக் குறைந்தாலும் இன்பமில்லை, மிகுந்தாலும் இன்பமில்லை, இடைப்பட்ட ஓர் அளவிலேதான் இன்பம் உச்சத்தை அடைகிறது. குழம்புக்கு உப்புப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒருவர் நாவுக்கு ஏற்ற உப்பு மற்றவர் நாவுக்குக் கரிக்கும் அன்றோ! இந்தச் சிறு உண்மையை நாங்கள் மறந்ததால் வந்ததே அன்றைய வினை.

ஏறத்தாழ 35 நிமிடம் கழிந்திருக்கும். எங்களுள் ஆறடி உயரமும் அகன்ற தோளும் உடையவர் நாஞ்சில் நாட்டு நண்பர். கபடிக் களத்தில் அவர் பிடித்தால் தப்பியவர் இல்லை. அவர் மெல்லிய குரலில், “எனக்குப் போதும். நான் வெளியே போகிறேன்” என்றார்.

மதுரை நண்பர் உரக்கச் சிரித்தார். “என்னப்பா, இதற்கேவா? கபடி வீரருக்குக் காகிதப் பேயிடம் பயமா?” கோவை நண்பரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அதோடு விட்டேனா? “ஒருவர் குறைந்தால் ஆட்டம் கெட்டுவிடும், இன்னும் 25 நிமிடம்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று அறிவுரையும் சொன்னேன். அவர் மறுமொழி பேசவில்லை. சுவரோரமாகப் போய் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

சேலத்துத் தோழி அவர் அருகில் சென்று கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எங்களிடம் ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினார். ‘டக்’ என்று ஓர் ஒலி. கதவு திறந்துகொண்டது.

அக்கதவைப் பிடித்திருந்தது தாழ்ப்பாள் அன்று, மின்காந்தம். கதவுநிலையில் பொருத்தப்பட்ட காந்தம், மின்னோட்டம் உள்ளவரை கதவிலுள்ள இரும்புத் தகட்டைப் பற்றிக்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்தினால் ஓட்டம் அறுபடும், பிடி விடும். மின்சாரம் நின்றுபோனாலும் கதவு தானே திறக்கும். நாங்கள் பூட்டப்பட்டிருப்பதாக எண்ணிய அந்த 35 நிமிடமும் எங்களுக்கும் வெளியுலகுக்கும் இடையே நின்றது ஒரு பொத்தான் மட்டுமே!

இருவரும் வெளியே சென்றார்கள். கதவு திறந்தே இருக்கட்டும், விரும்பினால் தொடரலாம் என்றார் கண்காணிப்பாளர். தாழ்வாரத்து வெளிச்சம் உள்ளே விழுந்தது. பேய் வெறும் துணியாயிற்று. அடுத்த நிமிடமே கோவை நண்பர் நாட்காட்டியைச் சுட்டிக் காட்டினார். 1308 என்று திருகினோம், அலமாரி திறந்தது. அதிலிருந்த சாவியால் மற்றவையும் திறந்தன. 4 நிமிடம் மிச்சமிருக்க வெளியே வந்தோம். வென்றோம், ஆனால் கைகுலுக்கிக்கொள்ள எவர் கையும் நீளவில்லை.

திரும்பும்போது மெட்ரோவில் நண்பர் தாமே சொன்னார். சிறு வயதில் ஆச்சி வீட்டில் கண்ணாமூச்சி ஆடியபோது நெல் கொட்டும் பத்தாயத்துக்குள் ஒளிந்தாராம். மூடி விழுந்துவிட்டது. உள்ளிருந்து தட்டியதை விளையாட்டு என்று எண்ணி மற்றப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நின்றார்களாம். ஆச்சி வந்து திறக்கும்வரை கேட்ட அந்தச் சிரிப்பு இன்றும் அவர் காதில் இருக்கிறது. “அறைக்குள் நீங்கள் சிரித்தபோது மறுபடியும் பத்தாயத்துக்குள் இருந்தேன்” என்றார். என் தலை தாழ்ந்தது.

வண்டி கிரீன் பார்க் நிலையத்தில் நின்று புறப்பட்டது. அந்தப் பகுதியில்தான் 1997 ஜூன் 13ஆம் நாள் உப்கார் திரையரங்கில் தீப்பற்றியது. கீழ்த்தளத்து மின்மாற்றியில் பிறந்த தீயின் புகை மேல்மாடத்தை நிரப்பியது. கூடுதலாகப் போட்ட இருக்கைகளால் நடைவழி குறுகியிருந்தது. ஒரு பக்கத்து வாயில் அடைபட்டிருந்தது. 59 பேர் மாண்டனர். படம் பார்த்து மகிழ வந்தவர்கள் அவர்கள்.

நாங்கள் ஆடிய ஆட்டத்திலேயே அத்தகைய கொடுமை ஒன்று நிகழ்ந்ததுண்டு. 2019 சனவரி 4ஆம் நாள் போலந்து நாட்டின் கோஷாலின் நகரில், 15 வயதுச் சிறுமியர் ஐவர் பிறந்தநாள் கொண்டாட ஒரு தப்பும் அறைக்குச் சென்றனர். வெளியே தீ மூண்டது. அவர்கள் தப்ப வழியில்லை. நச்சுப் புகையால் ஐவரும் உயிர் நீத்தனர். அதன் பிறகே அந்நாட்டரசு இத்தகைய அறைகளையெல்லாம் சோதிக்க ஆணையிட்டது. ஐவர்! நாங்களும் ஐவரே.

ஆகவே, இவ்விளையாட்டை ஆட விரும்பும் நண்பர்களுக்குச் சில சொல்வேன். போகாதீர்கள் என்று சொல்லேன். நல்ல ஆட்டம் அது. ஆனால் பணம் கட்டுமுன் கேளுங்கள். புதிரை விடுக்காமலே உள்ளிருந்து கதவைத் திறக்க முடியுமா? மின்சாரம் நின்றால் கதவு திறக்குமா? எங்களை ஒருவர் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பாரா? தீ மூண்டால் வெளியேற வேறு வழி உண்டா? விடை தடுமாறினால் திரும்பி வந்துவிடுங்கள். விதிகளைச் சொல்லும்போது எலும்புக்கூட்டைப் பார்க்காதீர்கள். ‘போதும்’ என்று ஒருவர் சொன்னால் காரணம் கேளாமல் கதவைத் திறப்பது என்று உள்ளே போகுமுன் உங்களுக்குள் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அச்சம் பிறக்கும் களங்கள் நான்கு என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அன்று என் நண்பரைச் சுவரோரம் உட்கார வைத்தது இந்நான்கில் எது? அணங்கு வெறும் துணி. விலங்கும் கள்வரும் அங்கில்லை. இறையாகிய கண்காணிப்பாளரோ கதவைத் திறக்கவே காத்திருந்தார். அவரைத் தடுத்தது தோழர்களின் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் என் சிரிப்பும் கலந்திருந்தது. மின்காந்தத்தின் பிடியை விடுவிக்க ஒரு பொத்தான் போதும். நண்பர் சிரிப்பின் பிடியை விடுவிக்க நண்பர்களே வேண்டும்.

அடுத்த திங்கள் மீண்டும் போகிறோம். இம்முறை கப்பல் அறை. நாஞ்சில் நாட்டு நண்பரும் வருகிறார். பச்சைப் பொத்தான் அருகே நிற்கும் பணி என்னுடையது.