இசிஜி தாளின் ஓரத்தில் ஒரு சின்ன எண்: அதை ஏன் கவனிக்கணும்?

இசிஜி எடுத்த தாளை அடுத்த முறை கையில் வாங்கும்போது, அதன் ஓரத்தைப் பாருங்க. '0.05–150 ஹெர்ட்ஸ்' என்றோ '40 ஹெர்ட்ஸ்' என்றோ பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். மெஷினுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் எந்த வேகத்திலிருந்து எந்த வேகம் வரையிலான சிக்னலை உள்ளே விட்டது என்பதற்கான கணக்கு அது. பேர், பேண்ட்வித்.

ஒரே அளவு எல்லாத்துக்கும் போதாதா?

போதாது. இதயத்தின் மின்துடிப்பு தோலுக்கு வந்து சேரும்போது சுமார் 1 மில்லிவோல்ட்தான். மூளையிலிருந்து வருவது மைக்ரோவோல்ட் கணக்கு. அதனால் ஆயிரம் மடங்கு, சில நேரம் அதுக்கும் மேல பெருக்க வேண்டியிருக்கிறது.

வேகமும் ஒண்ணு இல்லை. மூளைக்குப் பொதுவாக 70 ஹெர்ட்ஸ் வரை போதும். பெரியவர்களின் இதயத்துக்கு 150, குழந்தைகளுக்கு 250. தசை, நரம்பு சோதனைகளுக்கு 10,000 ஹெர்ட்ஸ் வரை தேவைப்படும்.

அப்போ எப்பவும் அகலமாவே வெச்சுடலாமே?

அங்கேதான் சிக்கல். கதவை அகலமாகத் திறந்தால் இரைச்சலும் உள்ளே வரும். பேண்ட்வித் 4 மடங்கு கூடினால், சர்க்யூட்டின் இயல்பான இரைச்சல் 2 மடங்காகும்.

குறுக்கினால் இன்னொரு ஆபத்து. கீழ் எல்லையை 0.05-லிருந்து 0.5 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் கோடு ஆடாமல் அழகாக நிற்கும். ஆனால் சில ஃபில்டர்களில் எஸ்டி பகுதி வளைந்து, இல்லாத மாரடைப்பு இருப்பது போலக் காட்டலாம்.

வேலூருக்கு இதில் என்ன தொடர்பு?

1940களின் கடைசியில் வேலூர் சிஎம்சியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் சரிசெய்யத் தொடங்கினார். 1955-ல் பக்கத்து ஊரான கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் வந்தது.

தொழுநோய் தாக்குவது நரம்பை. முழங்கை வழியாக ஓடும் அல்நார் நரம்பு பாதிக்கப்பட்டால் விரல்கள் மடங்கும். நரம்பின் சிக்னல் உயரம் குறைந்திருக்கிறதா, தாமதமாக வருகிறதா என்று பார்ப்பது பாதிப்பைக் கண்டுபிடிக்கும் ஒரு வழி. மேல் எல்லையைத் தவறுதலாகக் குறைத்துவிட்டால், நல்ல நரம்பின் சிக்னலும் குட்டையாக, தாமதமாகத் தெரியும்!

எல்லையை எப்படி மாத்துறாங்க?

அடிப்படை எளிது: ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருடன் 10,000 ஓம் ரெசிஸ்டர் சேர்ந்தால் மேல் எல்லை சுமார் 159 ஹெர்ட்ஸ். அதே கெப்பாசிட்டருக்கு 160 ஓம் போட்டால் கிட்டத்தட்ட 10,000 ஹெர்ட்ஸ். சுவிட்ச் போட்டு ரெசிஸ்டரை மாற்றினால் எல்லையும் மாறும். அகலமாகப் பதிவு செய்துவிட்டு, பிறகு சாஃப்ட்வேரில் குறுக்கிக்கொள்வது இன்னொரு வழி.

ஆம்ப்ளிஃபயர் சிப்புக்கும் ஒரு வரம்பு உண்டு. பெருக்கமும் பேண்ட்வித்தும் ஒரே பட்ஜெட். 10 லட்சம் ஹெர்ட்ஸ் பட்ஜெட் உள்ள சிப்பில் ஒரே அடியாக 1,000 மடங்கு கேட்டால் 1,000 ஹெர்ட்ஸ்தான் மிஞ்சும். நரம்பு சோதனைக்கு அது பத்தாது. அதனால் 10 மடங்கு வீதம் மூணு படியாகப் பிரிக்கிறார்கள். அப்போது 50,000 ஹெர்ட்ஸ் வரை தாராளமாகக் கிடைக்கும்.

மருத்துவமும் எலெக்ட்ரானிக்ஸும் தெரிந்த ஆட்கள் இதுக்கு வேணும். அப்படிப்பட்டவர்களை உருவாக்கத்தான் சிஎம்சி, ஐஐடி மெட்ராஸ், திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மூன்றும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்டெக் படிப்பைக் கொண்டுவந்தன.

நாம என்ன செய்யலாம்?

ஆம்பூரில் எடுத்த பழைய இசிஜியை வேலூரில் எடுத்த புதுசோடு ஒப்பிடப் போறீங்களா? இரண்டிலும் அந்த ஓர எண் ஒண்ணா இருக்கான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. எண் வேறயா இருந்தா, வித்தியாசம் இதயத்தில் இல்லாமல் மெஷின் செட்டிங்கிலேயே இருக்கலாம்.