கல்லின் கணக்கும் காசின் கணக்கும்
(இரண்டாம் ஆண்டு எம்.எஸ்ஸி., புவியமைப்பியல்)

சென்ற ஆண்டு நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலிருந்து ஒரு சாக்குக் கல்லுடன் நான் பேருந்தில் ஏறியபோது, பக்கத்து இருக்கைப் பெரியவர், "ஏங்கண்ணு, இதை வெச்சு என்ன பண்ணப் போறே?" என்று கேட்டார். "இதில் என்னென்ன தனிமம் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கப் போகிறேன்" என்றேன். "அதுக்கு யாரு காசு குடுக்கறாங்க?" என்றார். அந்த இரண்டாவது கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியவில்லை. பிறகு தேடித் தெரிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கல்லின் பெயர் அனார்த்தசைட். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையது. நிலவின் மேட்டுநிலப் பாறையும் இவ்வினமே என்பதால், சந்திரயான் சோதனைகளுக்கு வேண்டிய செயற்கை நிலவு மண்ணை நம் இஸ்ரோ இவ்வட்டாரக் கல்லிலிருந்தே செய்துகொண்டது. 2023 ஆகஸ்டில் பிரக்யான் ஊர்தியில் சென்று நிலவு மண்ணின் தனிமங்களை அளந்த கருவியை உருவாக்கியது அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடம். கல்லின் வேதியியலைப் படிப்பதும் பிழைப்புக்கு உதவும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நம் துறையில் நுண்ணோக்கி உண்டு; தராசு உண்டு; சோடியமும் பொட்டாசியமும் பார்க்கச் சுடரொளிமானி உண்டு. ஆனால் பத்து லட்சத்தில் ஒரு பங்காக ஒளிந்திருக்கும் அருமண் தனிமங்களை அளக்க ஐ.சி.பி.எம்.எஸ். என்னும் கருவி வேண்டும். அதன் விலை கோடிக்கணக்கில். கல்லூரி அதை வாங்குமென்று காத்திருந்தால் நம் பிள்ளைகள்தாம் படிப்பார்கள்! ஆனால் கருவியை வாங்க வேண்டியதில்லை, அது இருக்கும் இடத்துக்குப் போனால் போதும். நாட்டின் ஆய்வுக்கருவிகள் எங்கெங்கே உள்ளன என்று காட்ட 2020இல் மைய அரசு 'ஐ-ஸ்டெம்' என்னும் இணையப் பட்டியலைத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் வெளியார் மாதிரிகளைக் கட்டணத்துக்கு ஆய்ந்து தரும் கருவி மையம் இருக்கிறது. புதுதில்லியின் பல்கலைக்கழகங்களிடை முடுக்கி மையத்தில் பாறையின் வயதைக் கணிக்கும் கருவிகள் உள்ளன. அந்த மையம் நம்மைப் போன்றவர்களுக்காகவே ஏற்பட்டது. ஆசிரியர் வழியாக ஆய்வுத்திட்டம் எழுதி அனுப்பினால், குழு பார்த்து நேரம் ஒதுக்கும்.

இனி, நான் கோட்டைவிட்ட கதை. பெங்களூரு, புதுதில்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் இயங்கும் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து ஆண்டுதோறும் கோடைகால ஆய்வு உதவித்தொகை வழங்குகின்றன. தேர்வு பெற்றால் இரண்டு மாதம் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி ஒருவரிடம் வேலை கற்கலாம். கேட்பதெல்லாம் ஒரு சிறு எழுத்துரையும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமுமே. ஆனால் விண்ணப்பக் கெடு ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிந்துவிடும். பரீட்சை முடிந்து ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். வேறு கல்லூரி நண்பன் ஒருவன் ஹைதராபாத்துக்குப் புறப்படும்போதுதான் எனக்குச் செய்தியே தெரியும். எம்.எஸ்ஸி. இறுதியாண்டு மாணவருக்கு அதில் இடமில்லை. எனக்கு அந்தக் கதவு சாத்தியாயிற்று. முதலாண்டுத் தம்பி தங்கையரே, தீபாவளி விடுமுறையிலேயே எழுதி முடியுங்கள்.

ஊருக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் உதவி, தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் திட்ட நிதி. தொகை சிறிதுதான். ஆனால் பேருந்துக்கும் அமிலத்துக்கும் ஆகும்.

முனைவர் பட்டம் எண்ணுவோர்க்குத் தலைவாசல் சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. நெட் தேர்வு, அதில் புவி அறிவியல் தனிப்பாடம். தேறிய இளநிலை ஆய்வாளருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்றும், இரண்டாண்டுக்குப் பின் 42,000 ரூபாய் என்றும் உயர்த்தினார்கள். பக்கத்துத் துறை வேதியியல் நண்பர்களுக்கும் ஒரு சொல்: மத்திய தேர்வாணையம் நடத்தும் புவி விஞ்ஞானிகள் தேர்வில், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்கு வேதியியலாரையும் எடுக்கிறார்கள். கல் என்றதும் ஒதுங்கிப் போகாதீர்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஆய்வக உதவியாளரை மறந்தால் அது நன்றிகேடு. என் கல்லை நான் இரும்பு உரலில் போட்டு இடிக்கப் போனபோது கையைப் பிடித்தவர் அவர்தான். "இரும்புல இடிச்சா உரலும் கொஞ்சம் பொடியா வருமுங்க தம்பி. அப்புறம் கல்லுல இரும்புன்னு எழுதுவீங்க" என்றார். எஃகு உரலானால் குரோமியமும் சேரும். சித்தம்பூண்டிக் கல்லில் குரோமியம்தானே நான் தேடியது! அகேட் உரலைத் தேடி எடுத்து, ஒவ்வொரு மாதிரிக்கும் இடையே குவார்ட்ஸ் மணலிட்டு அரைத்துக் கழுவச் சொல்லிக் கொடுத்தார். 1951இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் வெளியிட்ட அறிக்கை ஒன்று உண்டு. ஒரே கிரானைட்டின் பொடியைப் பல ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். வந்த விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கை பழகாவிட்டால் கருவி என்ன செய்யும்?

ஆயினும் மாணவர்க்கு உள்ள அளவு பயிற்சி வாய்ப்பு அவரைப் போன்றோர்க்கு இல்லை. இது என் மனத்தாங்கல். இருப்பவை சில. 1976 முதல் ஹைதராபாத்தில் இயங்கும் புவியியல் ஆய்வுத்துறைப் பயிற்சி நிறுவனம் வெளியாருக்கும் சில வகுப்புகள் நடத்துகிறது. சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களும் திறன் பயிற்சித் திட்டத்தில் கருவி இயக்கக் கற்றுத் தருகின்றன. இவற்றுக்குக் கல்லூரி வழியே கடிதம் போனால் நல்லது.

என் கற்களில் பன்னிரண்டு மாதிரிகள் பொடியாகிச் சிறு பாட்டில்களில் நிற்கின்றன. கருவி நேரம் கேட்டு ஒரு விண்ணப்பமும், ஆய்வக உதவியாளரைப் பயிற்சிக்கு அனுப்பக் கேட்டு ஒரு கடிதமும் எழுதி, இரண்டையும் துறைத்தலைவர் ஐயாவின் மேசையில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கையொப்பமிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.