6 முறை எம்எல்ஏ, 4 முறை முதல்வர்… ஆனா ஒரு தடவைகூட 5 வருஷம் இல்லை! பாரிக்கர் கதை சொல்லும் 40 சீட் கணக்கு

மும்பை ஐஐடியில் 1978-ல் மெட்டலர்ஜி இன்ஜினீயரிங் முடித்தவர். ஐஐடியில் படித்து மாநில முதல்வரான முதல் நபர். பனாஜி தொகுதியில் 6 முறை ஜெயித்தவர். ஆனால், கோவாவின் மனோகர் பாரிக்கர் ஒருமுறைகூட முதல்வராக 5 ஆண்டுகளை முழுசாக முடித்ததில்லை. ஏன்?

நாலு முறையும் என்ன ஆச்சு?

1994-ல் பாரிக்கர் முதன்முறை எம்எல்ஏ ஆனபோது, கோவாவில் பாஜகவுக்குக் கிடைத்தது வெறும் 4 இடங்கள். அதன்பிறகு நடந்தது இது:

- 2000: கூட்டணி ஆட்சியின் முதல்வர். 2002 தொடக்கத்திலேயே சட்டமன்றம் கலைக்கப்பட்டது.
- 2002: பாஜகவுக்கு 17 இடங்கள், மீண்டும் கூட்டணி. 2005 ஜனவரியில் 4 பாஜக எம்எல்ஏக்கள் ராஜினாமா; அடுத்த மாதம் ஆளுநர் ஆட்சியை டிஸ்மிஸ் செய்தார்.
- 2012: 21 இடங்கள், தனி மெஜாரிட்டி. இந்த முறை யாரும் கவிழ்க்கவில்லை. 2014-ல் பாதுகாப்பு அமைச்சராக அவரே டெல்லி போனார்.
- 2017: காங்கிரஸ் 17, பாஜக 13. ஆனாலும் சிறிய கட்சிகள், சுயேச்சைகள் ஆதரவுடன் 22-16 என நம்பிக்கை வாக்கெடுப்பில் ஜெயித்தார். 2019 மார்ச் 17-ல், கணையப் புற்றுநோயால் பதவியில் இருக்கும்போதே இறந்தார்.

கணக்கு எங்கே இடிக்குது?

கோவாவில் மொத்தமே 40 சீட், மெஜாரிட்டிக்கு 21. நாலு பேர் நகர்ந்தாலே ஆட்சி ஆடிப்போகும். 'கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கே?' என்று நீங்கள் கேட்கலாம். அதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ராஜினாமா: அவையின் எண்ணிக்கை குறையும், மெஜாரிட்டி கோடும் இறங்கும். இன்னொன்று, கட்சி இணைப்பு: மூன்றில் இரண்டு பங்கு எம்எல்ஏக்கள் சேர்ந்து போனால் பதவி தப்பும். மூன்று எம்எல்ஏ உள்ள கட்சியில் இரண்டு பேர் போதும்!

பனாஜிக்கு என்ன ஆச்சு?

பாரிக்கர் மறைவுக்குப் பின் 2019 மே மாதம் இடைத்தேர்தல். 25 ஆண்டுகளாக பாஜக வசம் இருந்த பனாஜியை காங்கிரஸின் அடனாசியோ மான்செராட் பிடித்தார். ஜூலையில் 15 காங்கிரஸ் எம்எல்ஏக்களில் 10 பேர் பாஜகவில் இணைந்தார்கள். சரியாக மூன்றில் இரண்டு பங்கு. அதில் மான்செராட்டும் ஒருவர்.

பனாஜி மக்கள் கட்சியை மாற்ற 25 வருஷம் ஆச்சு. அவர்கள் எம்எல்ஏ அதைத் திருப்பி மாற்ற, இரண்டு மாதம்கூட ஆகவில்லை.