வீட்டுக்கு அடியில் – 9: கதவை இழைக்க வேண்டாம்

இரும்புச் சட்டம், அதைத் தாங்கும் கான்கிரீட் கல் தூண்கள், தூணுக்கும் சட்டத்துக்கும் நடுவே அடித்து இறுக்கிய மர ஆப்புகள். ஆலையில் கட்டி இழுத்துவந்து நிறுத்தும் அமெரிக்க மொபைல் ஹோமின் அடிவயிற்றைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம், அந்த வீடு மட்டம் தப்பினால் எப்படித் தெரிந்துகொள்வது, எப்படி அளப்பது என்று சொல்வதாக ஏற்பாடு.

முதலில் பேசுவது கதவுதான். நேற்றுவரை ஒழுங்காகச் சாத்திய படுக்கையறைக் கதவு நிலையில் உரசும். உடனே இழைப்புளியைத் தேடாதீர்கள். கதவைச் சாத்திவிட்டு, அதன் மேல்விளிம்புக்கும் நிலைக்கும் இடையிலுள்ள சந்தைப் பாருங்கள். நெடுக ஒரே அளவில் இறுகியிருந்தால் ஈரக்காற்றில் கதவு ஊதியிருக்கலாம். ஒரு மூலையில் நாணயம் நுழைகிறது, மறு மூலையில் தாள்கூட நுழையவில்லை என்றால் நிலையே கோணிவிட்டது. அப்போது கதவை இழைத்தால், பிறகு வீட்டை மட்டத்துக்குக் கொண்டுவரும்போது அந்தக் கதவு எந்த நிலைக்கும் பொருந்தாது.

ஜன்னல் பாதியில் சிக்கும். சுவர்ப் பலகைகளின் இணைப்பை மூடும் மெல்லிய பட்டை பிதுங்கி எழும். கதவு, ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். வெளியே, வீட்டைச் சுற்றி மறைப்பாக நிற்கும் வினைல் ஸ்கர்ட்டிங் நடுவில் வளைந்து புடைத்திருந்தால் அதை வெயிலின் வேலை என்று தள்ளிவிடக் கூடாது. மேலே வீடு இறங்கியிருக்கலாம், அல்லது கீழே தரை எழும்பியிருக்கலாம்.

தரை எழும்புமா? எழும்பும். இந்த வாரம் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது இந்த விஷயம்தான்.

டெக்சஸில் டல்லாஸுக்கு வடக்கிலிருந்து சான் அன்டோனியோ வரை, சுமார் 15 லட்சம் ஏக்கரில் ஒரு கறுப்பு மண் கிடக்கிறது. ஹூஸ்டன் பிளாக் என்று பெயர். டெக்சஸ்காரர்கள் அதைத் தங்கள் மாநில மண்ணாகவே கொண்டாடுகிறார்கள். மண்ணியலார் அதை வெர்ட்டிசால் வகுப்பில் வைக்கிறார்கள். நம் கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலும் அதே வகுப்புதான்! அதில் இருக்கும் ஸ்மெக்டைட் களிமண் தண்ணீரைக் குடித்து வீங்கும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். கோடையில் கரிசல் காட்டு வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அந்தப் பக்கத்துக் கொத்தனார்கள் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டுச் சரளையோ மணலோ கொட்டி இறுக்கிய பிறகே கடைக்கால் போடுவார்கள். கறுப்பு மண் மீது நேரே கல்லடுக்கி நிற்கும் மொபைல் ஹோமுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. வீடு தன் நடு வயிற்றின் கீழுள்ள மண்ணுக்குத் தானே குடை பிடிக்கிறது. அங்கே மழையும் விழாது, வெயிலும் படாது. ஈரம் ஏறக்குறைய மாறாது, மண்ணும் அசையாது. வெளிச்சுவரையொட்டிய மண்தான் மழைக்கு ஏறி வறட்சிக்கு இறங்குகிறது. ஓரத்துத் தூண்கள் அதோடு சேர்ந்து ஆட, நடுத்தூண்கள் அப்படியே நிற்கின்றன. இரண்டு பாதிகளாக வந்து சேர்ந்த டபுள்வைடு வீடுகளில் இது நன்றாகத் தெரியும். வறட்சியில் இரு பாதியும் வெளிப்பக்கம் சாயப் பார்க்கும், நடு இணைப்பில் கூரைப் பலகையை ஒட்டிச் சந்து விடும். மழை வந்ததும் அது மூடிக்கொள்ளலாம்.

அதனால் அறிகுறியைக் கண்டதும் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். பருவத்தோடு வந்து பருவத்தோடு போகிறது என்றால் முதல் வேலை தண்ணீரைக் கவனிப்பது: கூரைத் தண்ணீர் எங்கே கொட்டுகிறது, ஏசி குழாய் எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் கடும் வறட்சியில் ஜாக்கி வைத்து மட்டம் பார்த்தால், அடுத்த மழையில் வீடு எதிர்ப்பக்கம் கோணும். மினசோட்டா போன்ற வடக்கு மாநிலங்களில் மண்ணுக்குள் உறையும் நீர் இதே வேலையைச் செய்கிறது. பனிக்காலத்தில் தூக்கி, வசந்தத்தில் இறக்கும்.

ஸ்கர்ட்டிங்கைக் கழற்றிவிட்டு வெளியே நின்றபடியே டார்ச் அடித்தால் இரண்டு தடயங்கள் கிடைக்கும். புயலுக்காக வீட்டைத் தரையோடு கட்டிவைத்த இரும்புப் பட்டை ஒரு பக்கம் தொய்ந்திருந்தால், அந்தப் பக்கம் இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு. ஓரத் தூணில் கை எட்டுமென்றால் ஆப்பைத் தொட்டுப் பாருங்கள். விரலால் தள்ளியதும் நகர்கிறதா? அந்தத் தூண் சுமை தாங்கவில்லை. அதன் பங்கையும் சேர்த்துப் பக்கத்துத் தூண்கள் சுமந்துகொண்டிருக்கின்றன.

அளப்பது பற்றிச் சொல்ல இடம் போதவில்லை. நம்மூர்க் கொத்தனார் பிடிக்கும் அதே டியூப் லெவல், தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய், அங்கேயும் வீட்டுக்கடியில் ஊர்கிறது. அதுவும் ஜாக்கியும் அடுத்த வாரம். அதுவரை ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் உள்ளே தவழ வேண்டாம்.

(தொடரும்)